அறுந்த வாரிலிருந்து தொடங்குங்கள்

போன இதழின் கைவேலைப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் மணி என்ற மட்டக்குதிரை, அதன் தலையில் நான் தைத்த தோல் தலைப்பட்டை. கீழே ‘ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அதற்கே இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. குதிரைச் சாமான் செய்யப் பழக வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். பரம்பரையாகச் சேணம் செய்கிற குடும்பம் இல்லை என்னுடையது. 31 வருடம் பிள்ளைகளுக்கு ஹெம்மிங்கும் காஜாவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, தோலுக்கு வந்து எட்டு வருடம்தான் ஆகிறது. பதிலில் டீச்சர் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். சாயந்தரம் கைக்கு ஒரு வேலை வேண்டும். தோலைத் தொட்டதே இல்லை, சொந்தக் குதிரையும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், கோத்தகிரி

அறுந்துபோன ஒன்றிலிருந்து. உங்களுக்கு ஊட்டி பக்கம்தானே, படகு இல்லத்துப் பக்கம் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களிடம் போய்ப் பழைய வார் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தக் குதிரைக்காரர் வீட்டிலும் ஒரு சாக்கு நிறைய இருக்கும். அறுந்த லகான், ஓட்டை கிழிந்த பட்டை, நாக்கு உடைந்த பக்கிள். எதற்காவது ஆகும் என்று தூக்கிப் போடாமல் வைத்திருப்பார்கள். ஒரு தலைப்பட்டையை வாங்கி வந்து, பிளேடால் தையலைப் பிரியுங்கள். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு துண்டையும் பழைய நியூஸ்பேப்பரில் வைத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ரவிக்கை தைக்கப் பழகும்போது பழைய ரவிக்கையைப் பிரித்து அளவு எடுக்கச் சொல்வேனே, அதே பாடம்தான்.

பிரிக்கும்போது எங்கே அறுந்திருக்கிறது என்று கவனியுங்கள். நடு வாரில் அறுந்திருப்பது அபூர்வம். இரும்பு வளையத்தைச் சுற்றித் தோல் மடிகிற இடம், பக்கிள் நாக்கு தினமும் நுழைகிற அதே ஒரு ஓட்டை, வியர்வையில் ஊறி நூல் இற்றுப்போன தையல். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். நான் இதுவரை பிரித்த பட்டைகளில் முக்கால்வாசியில் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்தான் போயிருந்தது. மடிப்பை விரித்தால் உள்ளே கறுத்துப்போய், விரல் நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும். அதை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும், மடிப்புக்குள் எண்ணெய்த் துணி போக வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரித்ததையே புது நூலால் தைத்துப் பழகுங்கள். அப்புறம் கையில் பிடித்து நடத்துகிற பிடிவார் ஒன்று. நீளமாக ஒரு பட்டை, ஒரு முனையில் கொக்கி, மறு முனையில் கைப்பிடி மடிப்பு, அவ்வளவுதான். மூன்றாவதாகத் தலைப்பட்டை. வாயில் இரும்பு இல்லாமல், குதிரையைக் கட்டிவைக்கவும் நடத்தவும் தலையில் மாட்டுகிறோமே அது. இந்த வரிசை ஏனென்றால், இவை அறுந்தால் குதிரை நாலடி ஓடும், நீங்கள் துரத்துவீர்கள், ஊர் சிரிக்கும். அங்கவடி, அதாவது சவாரி செய்பவர் கால் வைக்கிற வளையம், அதன் வார் அறுந்தால் மேலே இருப்பவர் கீழே விழுவார். வயிற்றுப் பட்டை அறுந்தால் சேணத்தோடு விழுவார். அந்த இரண்டையும் முதல் இரண்டு வருடம் தொடாதீர்கள்.

இன்னொன்று. தலைப்பட்டை ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் அறுந்துபோவதே நல்லது. நைலான் பட்டை மாட்டிய குதிரை கம்பத்திலோ வேலியிலோ சிக்கி மிரண்டால், பட்டை விடாது, கழுத்துதான் போகும். தோல் கடைசியில் விட்டுக்கொடுக்கும். வீட்டில் ஃபியூஸ் இருக்கிற மாதிரி. லாயங்களில் இன்றைக்கும் தோல் தலைப்பட்டையை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

பெயர்களில் குழம்ப வேண்டாம். புத்தகத்தில் சேணம் என்பது குதிரைக்காரர் வாயில் ஜீனி. வாய்க்குள் போகும் இரும்பும் தலை வார்களும் சேர்ந்தது கடிவாளம், கையில் பிடிப்பது லகான். அங்கவடியை எங்கள் ஏரிக்கரையில் யாரும் அங்கவடி என்று சொல்லி நான் கேட்டதில்லை, ஸ்டிரப்தான்.

எந்தத் தோல் வாங்குவது? கடையில் எதைக் கேட்டாலும் ‘ஒரிஜினல் லெதர்’ என்கிறார்கள்.
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

ஒரிஜினல்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் எதில் பதம் செய்தது என்று கேளுங்கள். கைப்பை, சட்டை, சோபாவுக்கு வருகிற மெத்தென்ற தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதம் செய்தது. நமக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதம் செய்தது. அது விறைப்பாக இருக்கும், நனைத்து அழுத்தினால் அழுத்தின வடிவத்தில் நிற்கும், ஓரத்தைத் தேய்த்தால் பளபளக்கும். நம் ஊரில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில்தான் பதம் செய்தார்கள், கடுக்காயும் சேர்ப்பார்கள். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, ஆம்பூர் என்று அந்தத் தோல் கப்பலேறிப் போய்ப் பெயர் வாங்கியது. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அப்புறம் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் பட்டை பிடித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், நீலகிரிப் பக்கம் சீகை என்பார்கள். தோல் பதத்துக்கென்று நட்டது இன்றைக்கு எங்கள் மலையில் புல்வெளியை எல்லாம் விழுங்கிக்கொண்டு நிற்கிறது. மன்னவனூர் போகிற வழி நெடுக அதைத்தான் பார்ப்பீர்கள். அந்த மரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபமும் வரும், பாதி நன்றியும் வரும்.

கடையில் சோதிக்க ஒரு வழி. வெட்டின ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலமோ சாம்பலோ ஓடினால் குரோம். உள்வரை ஒரே பழுப்பு என்றால் பட்டைப் பதமாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், சாயம் ஏற்றியும் விற்பார்கள். சாயமும் மெருகும் ஏற்றாத தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், பட்டைப் பதம் அதை இழுத்துக்கொண்டு கறுக்கும், காய்ந்தால் பழைய நிறத்துக்கு வரும். இன்னும் சந்தேகமா, சின்னத் துணுக்கை இடுக்கியில் பிடித்து வெட்டவெளியில் கொளுத்துங்கள். குரோம் தோல் சுருண்டு எரிந்து பச்சை சாயலில் சாம்பல் விடும். மற்றது கருகிப் புகைந்து அணைந்துவிடும்.

அடுத்தது, உடம்பின் எந்த இடத்துத் தோல் என்பது. துணிக்கு நேர்நூல், குறுக்குநூல் இருக்கிற மாதிரி தோலுக்கும் உண்டு. முதுகெலும்பின் இரு பக்கமும் இறுக்கமானது, நீளாது. வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுத்த இழுப்புக்கு வரும். வாரை எப்போதும் முதுகெலும்பின் நீளவாக்கில் வெட்ட வேண்டும். இதைத் தையல் டீச்சரான நானே கோட்டைவிட்டேன். முதல் வருடம் மணிக்குக் கடிவாள வார் தைத்தேன். கைக்கு இதமாக இருக்கிறதே என்று கைப்பைத் தோலை வாங்கி, துண்டு மிச்சமாகட்டும் என்று வயிற்று ஓரத்திலிருந்து வெட்டினேன். பங்குனி, சித்திரையில் ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி மழை பிடித்த இரண்டாம் நாள் கன்னத்து வார் இரண்டு விரற்கடை நீண்டுவிட்டது. வாயிலிருந்த இரும்பு கீழே இறங்கிப் பல்லில் தட்ட, மணி நாக்கால் தள்ளித் துப்பிவிட்டு ஏரி வேலியோரம் நிதானமாகப் புல் மேய ஆரம்பித்தது. மேலே மதுரையிலிருந்து வந்த ஒரு பையன். நல்லவேளை, குதிரைக்காரத் தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்ததால் ஒன்றும் ஆகவில்லை. சாயந்தரம் வாரை என் வாசலில் தொங்கவிட்டுக்கொண்டு, ‘டீச்சர், இது கடிவாளமா, மாலையா?’ என்று கேட்டார்.

கனம் 3.5 முதல் 4 மில்லிமீட்டர் கேளுங்கள். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கும். மட்டக்குதிரைத் தலைப்பட்டைக்கு ஒரு அங்குல அகலத்தில் எல்லாத் துண்டும் சேர்த்து 10, 12 அடி வார் பிடிக்கும். பசுந்தோல் நயமாக இருக்கும், எருமைத்தோல் சொரசொரப்பு. வாருக்கு எனக்கு எருமைமேல் ஒரு குறையும் இல்லை.

அறுபது கருவி அடங்கிய பெட்டி ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

வேண்டாம். அதில் ஐம்பது, பூ அச்சும் இலை அச்சும். குதிரைக்கு எதற்கு இலை?

நல்ல கத்தி ஒன்று, இரும்பு ஸ்கேல், குத்தூசி, முனை மழுங்கிய ஊசி நாலு, ஓட்டை போடும் பஞ்ச், ஓரத்தின் கூர்மையைச் சீவி எடுக்கிற சின்ன உளி, தேன்மெழுகு. குத்தூசியின் முனை வட்டமாக இல்லாமல் சீட்டுக்கட்டு டைமண்டு மாதிரி நாலு மூலையாக இருக்க வேண்டும். வட்ட ஓட்டை திறந்தே நிற்கும், டைமண்டு ஓட்டை நூலைக் கவ்விக்கொள்ளும். மெழுகை மலைத்தேன் விற்பவர்களிடமே கேட்டு வாங்கலாம், நான் அப்படித்தான் வாங்குகிறேன்.

தையல் இடைவெளி குறிக்க நான் புதிதாக எதுவும் வாங்கவில்லை. பேப்பர் வெட்டின்மேல் உருட்டுவோமே, பற்சக்கரம், அதையே உருட்டுகிறேன். பல் நெருக்கமாக இருந்தால் ஒன்று விட்டு ஒன்றில் குத்தினால் சரியாக வரும். அங்குலத்துக்கு ஆறு தையல் போதும். பத்துப் பன்னிரண்டு என்று நெருக்கினால் அழகாக இருக்கும், ஆனால் தபால்தலைத் தாள் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும்.

ஒரே ஒரு இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பக்கிளும் வளையமும் வார்ப்புப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு. முலாம் பூசின துத்தநாகப் பக்கிள் பார்க்க ஒன்று போலவே மின்னும், இழுத்தால் பிஸ்கட் மாதிரி ஒடியும். இரும்பு என்றால் எங்கள் பனியில் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறி, பக்கத்துத் தோலையும் சேர்த்து அரிக்கும்.

எங்களிடம் கனத் துணி தைக்கும் பவர் மெஷின் இருக்கிறது. கையால்தான் தைக்க வேண்டும் என்று ஏன் அடம்?
– ஒரு டெய்லர், பழனி

உங்களிடம் இதைச் சொல்வது எளிது, மெஷின் தையலை நீங்கள் தலைகீழாக அறிந்தவர். மேல் நூல் ஒன்று, பாபின் நூல் ஒன்று, இரண்டும் நடுவில் ஒன்றையொன்று மாட்டிக்கொள்கின்றன. ஒரு இடத்தில் மேல் நூல் தேய்ந்து அறுந்தால் பக்கத்துத் தையல்கள் ஒவ்வொன்றாகத் தளரும். ஜிப்பா ஓரத்துக்கு அது பரவாயில்லை. சேணத் தையலில் ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு முனை இந்தப் பக்கம் வரும், மறுமுனை அந்தப் பக்கம் போகும். மேலே தேய்ந்து அறுந்தாலும், கீழே ஓடுகிற மறுபாதி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

செய்முறை இது. தைக்க வேண்டிய நீளத்தைப்போல நாலு மடங்கு நூல், ஒரு முழம் கூடுதலாக. மெழுகில் மூன்று தரம் இழுங்கள். கை உராய்வின் சூட்டில் மெழுகு உள்ளே இறங்கும், நூல் கறகறவென்று சத்தம் போடும். தோலை ஒரு மரக் கவ்வியில் மாட்டி முழங்கால்களுக்கு நடுவே நிறுத்துங்கள். பழைய பீப்பாய்ப் பலகை இரண்டை அடியில் சேர்த்துக் கட்டினாலே கவ்வி ஆகிவிடும். முதல் ஓட்டையில் நூலைப் பாதிப் பாதியாக இழுத்து நிறுத்துங்கள். இரண்டாவது ஓட்டையை இப்போது குத்துங்கள், எல்லா ஓட்டையையும் முன்கூட்டியே குத்தி வைக்க வேண்டாம், தோல் மூடிக்கொள்ளும். இடது ஊசியை வலப்பக்கம் எடுங்கள். நூலை முழுதாக இழுக்காமல், நுழைந்த நூலைச் சற்றுப் பின்னால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அதே ஓட்டையில் வலது ஊசியை இடப்பக்கம் அனுப்புங்கள். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிட்டதா என்று ஆட்டிப் பாருங்கள். குத்தியிருந்தால் நூல் நகராது. அந்த ஊசியைப் பின்னால் வாங்கித் திரும்பவும் விடுங்கள். அப்புறம் இரண்டு கையையும் விரித்து ஒரே இழுப்பு. ஒவ்வொரு ஓட்டையிலும் அதே கை முதலில், அதே அளவு இழுப்பு. இடையில் டீ குடிக்க எழுந்து போய்விட்டு, கை மாற்றித் தொடங்கினால் அந்த ஒரு தையல் மட்டும் கோணலாகத் தெரியும், யாருக்கும் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். முடிவில் மூன்று ஓட்டை பின்னோக்கித் தைத்து நூலை ஒட்ட வெட்டுங்கள், முடிச்சு வேண்டாம்.

துணிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. துணியில் தப்பாகக் குத்திய ஓட்டை நீவினால் மறைந்துவிடும். தோலில் அது சாகும்வரை இருக்கும்.

அப்பா ஆறு மட்டக்குதிரை வைத்துத் தோட்டத்திலிருந்து காப்பியும் வாழைத்தாரும் இறக்குகிறார். வாலடியிலும் முதுகிலும் புண். தோலில் நல்ல சாமான் செய்து கொடுத்தால் சரியாகுமா டீச்சர்?
– ஒரு வாசகி, தாண்டிக்குடி

அம்மா, வந்ததிலேயே உன் கடிதத்தைத்தான் இரண்டு தரம் படித்தேன். மோட்டார் ரோடு வருமுன்னே பெரியகுளத்திலிருந்து இந்த மலைக்கு எல்லாம் ஏறியது குதிரை முதுகிலும் ஆள் தோளிலும்தான். வெள்ளகெவி மாதிரி ஊர்களுக்கு அப்புறமும் குதிரைதான் லாரி. நாங்கள் பொழுதுபோக்குக்குத் தைப்பதை நீ தேவைக்குக் கேட்கிறாய்.

முதலில், புண் இருக்கிற குதிரைக்கு எந்தச் சாமானும் மருந்தாகாது. ஆறும்வரை பொதி ஏற்றாமல், கால்நடை டாக்டரிடம் காட்டச் சொல். அப்பாவுக்கு அது வருமானம் போகிற விஷயம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

முதுகுப் புண் பெரும்பாலும் தோலினால் வருவது இல்லை, சுமை முதுகெலும்பின்மேல் உட்காருவதால் வருவது. எலும்பின் இரண்டு பக்கமும் தடித்த மெத்தை இருந்து, நடுவில் காற்றுப் போகிற ஒரு வாய்க்கால் இருக்க வேண்டும். ஒரே சாக்கை மடித்துப் போட்டால் அந்த வாய்க்கால் கிடையாது. ஒரு கம்பளியை எடுத்து, வைக்கோல் இறுகத் திணித்த இரண்டு நீளத் தலையணையாகத் தைத்து, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு இரண்டையும் பட்டையால் இணைத்துப் பார். இரண்டு பக்கச் சுமையும் ஒரே எடை இருக்கிறதா என்றும் பார். ஒரு பக்கம் சரிந்தால் மெத்தை நகர்ந்து எலும்பில் ஏறும். இறக்கியதும் மெத்தையைத் திருப்பி வெயிலில் போடு. காய்ந்த வியர்வை உப்பு மறுநாள் உப்புத்தாள்.

வாலடிக்குத்தான் தோல் உதவும். இறக்கத்தில் பொதி முன்னால் சரியாமல் இருக்க வாலுக்கு அடியில் கயிறு விடுகிறீர்கள் இல்லையா, அது அறுக்கிறது. அதற்குப் பதில் மெல்லிய மிருதுவான தோலைக் குழாயாக மடித்து, உள்ளே ஆளி விதை நிரப்பித் தை. தையல் கோடு வாலின் தோலில் படாமல் வெளிப்பக்கம் இருக்கட்டும். ஆளி விதை பழைய சேணக்காரர்களின் உபாயம். உடம்புச் சூட்டில் விதையின் எண்ணெய் கசிந்து தோலை உள்ளிருந்தே பதமாக வைத்திருக்கும். குழாய் கட்டை விரலைவிடப் பருமனாக இருக்கட்டும், மெல்லியதாக இருந்தால் அதுவும் கயிறுதான். மாட்டியதும் வாலெலும்புக்கும் தோலுக்கும் நடுவே கை நுழைய வேண்டும். முதல் ஒன்று தைத்து எனக்குப் படம் அனுப்பு.

ஒரு முழுச் சேணம் செய்வதுதான் என் லட்சியம். ஒரு வருடத்தில் முடியுமா?
– கல்லூரி மாணவர், குன்னூர்

முடியாது. சேணத்தின் உயிர் அதன் உள்ளே இருக்கிற சட்டத்தில் இருக்கிறது. அது குதிரையின் தோள் மேட்டுக்கும் முதுகு வளைவுக்கும் பொருந்த வேண்டும், மேலே தோல் போர்த்துவது அதற்கு அப்புறம். கான்பூரில் இதற்கென்றே தலைமுறையாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். போய் ஒரு நாள் முழுக்கச் சும்மா சுற்றுங்கள். குதிரையைவிட அதன்மேல் இருக்கிற சாமானைப் பாருங்கள். எந்த வார் எங்கே தேய்ந்திருக்கிறது, எதைக் கயிறு கட்டிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதுவரை லகான் தையுங்கள்.

‘தோல் வேலையெல்லாம் நமக்கு எதுக்கு, வீட்டுக்குள்ள தோலைக் கொண்டுவராதே’ என்கிறார் மாமியார். என்ன சொல்வது?
– ஒரு வாசகி (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

இதை யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். என் வீட்டிலும் கேட்டார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய தோல் கைப்பை பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதை யாரும் வெளியே வை என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் எதை வரக்கூடாது என்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது தோல் இல்லை.

எனக்குக் குத்தூசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஐயா என்று கூப்பிடுவேன். முதல் நாள் போய் நின்றபோது, ‘பொழுது போகலையா டீச்சரம்மா?’ என்று சிரித்தார். கிண்டல் இல்லை, நிஜமாகவே ஆச்சரியம். அவருடைய இரண்டு மகன்களும் இந்த வேலைக்கு வரவில்லை. வேலை கடினம் என்பதால் இல்லை, தெருவில் தங்களைக் கூப்பிட்ட விதத்தால். நான் சம்பளம் கொடுத்துத்தான் கற்றேன், மணிக் கணக்குப் போட்டு, டியூஷன் மாதிரி. நீங்களும் பக்கத்தில் யாரிடமாவது கற்றால் அப்படியே செய்யுங்கள். ‘சும்மா ஒரு தடவை காட்டுங்க’ என்று போய் நிற்காதீர்கள். மாமியாரிடம் வாதம் பண்ண வேண்டாம். அவர் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு உறை தைத்துக் கொடுங்கள். என் வீட்டில் அது வேலை செய்தது, உங்கள் வீட்டில் செய்யும் என்று உத்தரவாதம் இல்லை.

மழைக்காலத்தில் வாரெல்லாம் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– ஒரு வாசகர், ஊட்டி

ஊட்டியில் இருந்துகொண்டு தேங்காய் எண்ணெயா! உங்கள் வீட்டு பாட்டிலில் அது மெழுகாக உறைந்து நிற்குமே. தோலின் மடிப்பிலும் அப்படித்தான் வெள்ளையாக உறையும். நான் விளக்கெண்ணெயை இரண்டு சொட்டு துணியில் விட்டுத் தேய்ப்பேன். மாட்டுக் குளம்படி எலும்பிலிருந்து எடுக்கிற சேண எண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவானாலும் கொஞ்சமாக. எண்ணெயில் ஊறிய வார் நீளும், தையலும் தளரும்.

பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, கிளிசரின் சோப்பை ஈரத் துணியில் தொட்டுத் துடைத்து நிழலில் காயவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், காற்றோட்டமாகத் தொங்கட்டும். லாயத்துக்குள்ளும் வேண்டாம், மூத்திர நெடி நூலை அரிக்கும். நனைந்த வாரை அடுப்புப் பக்கம், ஹீட்டர் பக்கம் காட்டவே காட்டாதீர்கள். ஒரு தரம் அவசரத்துக்குக் கணப்படுப்பு மேல் தொங்கவிட்டேன். காலையில் கருவாடு மாதிரி சுருண்டிருந்தது, வளைத்தேன், படக்கென்று இரண்டு துண்டு.

குதிரையே இல்லாமல் அளவு எப்படி எடுப்பது?
– கோத்தகிரி வாசகரும் இன்னும் சிலரும்

இரவல் குதிரையில்தான். காலை ஏழு மணிக்குள் போங்கள். கூட்டம் வந்துவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு, உங்களுடன் நிற்க நேரம் இருக்காது. இஞ்ச் டேப் நீட்டும் சத்தத்துக்குச் சில குதிரை மிரளும், அதனால் சணல் கயிறு கொண்டுபோய் முடிச்சுப் போட்டு வந்து வீட்டில் அளந்துகொள்ளுங்கள். முன்னால் நேராகப் போகாமல் தோள் பக்கமாகப் போங்கள்.

மூன்று அளவு. மூக்கைச் சுற்றி, கன்னத்து எலும்பு மேட்டுக்கு இரண்டு விரல் கீழே. அங்கிருந்து காதுக்குப் பின்னால் உச்சி வழியாக மறு பக்கத்தின் அதே இடம் வரை. தொண்டையைச் சுற்றி, ஒரு முஷ்டி நுழைகிற தளர்ச்சியுடன். மூக்குப் பட்டையில் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். குதிரை மெல்லும், கொட்டாவி விடும், அதற்கு இடம் வேண்டாமா? காதடியில் எதுவும் உரசக் கூடாது. ஒவ்வொரு அளவுக்கும் மடிப்புக்கென்று இரண்டு முனையிலும் மூன்று அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். பக்கிளுக்கு ஓட்டை ஒற்றைப்படையில், நடு ஓட்டையில் சரியாக உட்காரும்படி.

போகும்போது இரண்டு காரட் எடுத்துப் போங்கள். நீளவாக்கில் கீறிக் கொடுங்கள், வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். கொடுக்கும் முன்னால் குதிரைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மணி காரட்டோடு விரலையும் சேர்த்துப் பார்க்கும்.